வடித்த காதும் பச்சை குத்திய கையும்

மனிதன் தன் உடம்பை இயற்கை தந்தபடியே விட்டுவைத்த காலம் ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை. காதைத் துளைத்தான், தோலில் கோலம் எழுதினான், மயிரை வளர்த்தும் மழித்தும் தன் குலத்தையும் சமயத்தையும் காட்டிக்கொண்டான். ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 5,300 ஆண்டுகட்கு முற்பட்ட மனிதனின் உடலில் 61 பச்சைக் குறிகள் எண்ணப்பட்டுள்ளன. அவன் காது மடலும் துளைத்துப் பெருக்கப்பட்டிருந்தது. ஆகவே, உடம்பில் குறியிடும் வழக்கம் எப்போது தோன்றியது என்று கேட்பதில் பயன் குறைவு. ஒரு தலைமுறை பெருமையோடு ஏற்ற குறியை அடுத்த தலைமுறை ஏன் வெட்கமாகக் கருதுகிறது? அதற்கடுத்த தலைமுறை ஏன் மீண்டும் அதனை விரும்பித் தேடுகிறது? இவையே கேட்கத்தக்க கேள்விகள். இவற்றிற்கு விடைகாண நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. மலேசியத் தமிழராகிய நம் குடும்ப வரலாறே போதும்.

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் படித்த மாணவர் ஒருவர் தம் திருமண அழைப்பிதழைக் கொடுக்க என் இல்லம் வந்தார். நண்பகல் வெயில், ஆயினும் முழுக்கைச் சட்டை அணிந்து, மணிக்கட்டுப் பொத்தானையும் பூட்டியிருந்தார். அழைப்பிதழை நீட்டியபோது சட்டைக்கை சற்றே மேலேற, 'அம்மா' என்னும் தமிழ் எழுத்துகள் பச்சையாய்த் தெரிந்தன. அவர் சட்டென்று கையை இழுத்துச் சட்டையைத் தாழ்த்திக்கொண்டார். "மன்னிச்சிடுங்க ஐயா" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால், அந்தக் கையசைவு எனக்குப் பழக்கமானது. என் அப்பத்தா, அயலார் முன் வரும்போதெல்லாம் சேலைத் தலைப்பை இழுத்துத் தம் காதுகளை இப்படித்தான் மறைத்துக்கொள்வார். இருவர் பிறப்புக்கும் இடையே ஏறத்தாழ 90 ஆண்டுகள் உள்ளன. மறைக்கும் கை மட்டும் மாறவில்லை. அந்நிகழ்ச்சியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

காது வளர்த்த காலம்

தமிழர் காதணிக்குத் தந்த இடம் பெரிது. குழை, தோடு, குண்டலம், கடுக்கன், கம்மல் என வழங்கும் பெயர்களே அதற்குச் சான்று. திருஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் சீகாழியில் பாடிய முதற்பதிகம், இறைவன் செவியில் விளங்கும் தோட்டைச் சொல்லியே தொடங்குகிறது. சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் காது மடல்கள் துளை பெருகித் தோளை நோக்கித் தாழ்ந்திருப்பதைக் காணலாம். கழுகுமலைப் பாறையில் செதுக்கப்பட்ட சமணத் தீர்த்தங்கரர் உருவங்களும், புத்தர் உருவங்களும் அணிகலன் ஏதுமின்றியே நீண்ட செவிகளுடன் விளங்குகின்றன. தாழ்ந்த செவி தெய்வத்துக்கும் சான்றோர்க்கும் உரிய இலக்கணமாயிற்று.

இதற்கு மாறாக, நம் பெண்களின் பழம்பேரணி என்று எல்லாரும் கருதும் மூக்குத்தியின் பெயரைச் சங்க நூல்களில் காணோம். அது பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. மரபு என்று நாம் போற்றுவனவற்றுள் சில இளையவை. புதுமோகம் என்று நாம் ஒதுக்குவனவற்றுள் சில மிகப் பழையவை. இதனை மாணவர் முதற்கண் நெஞ்சில் இருத்துதல் வேண்டும்.

மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளில் காது வளர்த்தல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பெருவழக்காயிருந்தது. பெண் குழந்தைக்கு இளமையிலேயே காது துளைப்பர். துளையில் பஞ்சுத் திரியைச் செருகுவர். பின்னர்ப் பனையோலைச் சுருளை வைப்பர். சுருள் விரிய விரியத் துளையும் விரியும். அதன்பின் குணுக்கு எனப்படும் ஈய வளையங்களை ஒவ்வொன்றாகக் கூட்டி மாட்டுவர். ஈயத்தின் பாரத்தால் மடல் நீண்டு தோளை எட்டும். குணுக்கு இறங்கிய காதில் தண்டட்டி ஏறும். நெல்லைச் சீமையில் பாம்படம் ஏறும். உள்ளே அரக்கும் மேலே பொற்றகடுமாகச் செய்யப்பட்ட அவ்வணிகள் வெறும் அழகுப் பொருள்கள் அல்ல. பெண்ணுக்கென்று இருந்த சேமிப்பும் அவையே.

குழந்தைக்கு இது வேதனை தரும் வினையே. புண் பழுத்துச் சீழ் பிடித்தலும், மடல் அறுந்து போதலும் உண்டு. ஆயினும், காது வளர்க்காத பெண்ணை ஊரார் ஏளனம் செய்தனர். நகையற்ற காதை மூளிக் காது என்றனர். எட்கர் தர்ஸ்டன் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1906ஆம் ஆண்டில் வெளியிட்ட தென்னிந்திய இனவியல் குறிப்புகளில் இவ்வழக்கத்தைப் பதிந்துள்ளார். ஆனால், உடற்கோணலும் உறுப்புச்சிதைவும் பற்றிய இயலில் அதனை வைத்தார். ஊர் அழகென்று கண்டதை நூல் சிதைவென்று கண்டது. பின்னாளில் நம்மவர் பார்வையும் அந்த நூலின் பக்கமே சாய்ந்தது.

குறத்தி குத்திய பச்சை

வளர்த்த காதுக்குப் பொன் வேண்டும். பச்சையோ பொன்னில்லாதவரும் பெறக்கூடிய அணி. தமிழகச் சிற்றூர்களில் பச்சை குத்தும் தொழில் பெரும்பாலும் குறவர் குலப் பெண்களிடம் இருந்தது. மஞ்சள் தூளையும் அகத்தி இலையையும் சேர்த்தரைத்துத் துணியில் வைத்துத் திரியாகத் திரிப்பர். அத்திரியை ஆமணக்கெண்ணெய் விளக்கில் இட்டு எரித்து, மேலே ஒரு புதுச் சட்டியைக் கவிழ்ப்பர். சட்டியில் படியும் கரியைச் சுரண்டியெடுத்து, நீரிலோ தாய்ப்பாலிலோ குழைப்பர். சில ஊசிகளைச் சேர்த்துக் கட்டி, அக்குழம்பைத் தோய்த்துத் தோலில் குத்துவர். வலியை மறக்கப் பாட்டும் பாடுவர். முடிந்தபின் மஞ்சள் பூசுவர். புள்ளியும் கோடுமாகிய கோலங்கள், தேள், மீன், பூ ஆகியவை வழக்கமான உருவங்கள். கூலி சில காசுகள், அல்லது அரிசி.

கறுப்பாய்க் குத்தினாலும் ஆறியபின் தோலின் கீழே அது பசுமை கலந்து தோன்றுவதால், பச்சை என்னும் பெயர் பொருத்தமாக அமைந்தது. அதனோடு ஒரு நம்பிக்கையும் இணைந்திருந்தது. இறந்தபின் உடலிலிருந்து நகையைக் கழற்றிவிடுவர், துணியையும் உருவிவிடுவர், கூட வருவது பச்சை மட்டுமே என்பது அது. "தங்கத்த மக்க கழட்டிக்குவாக, இத ஆரு கழட்டுவா?" என்று என் அப்பத்தா தம் கையைத் தடவியபடி சொல்வார்.

அவர் வலக்கையில் என் தாத்தாவின் பெயர் இருந்தது. திருமணமான ஆண்டில், ஊர்க் கணக்குப்பிள்ளை ஓலையில் எழுதித் தந்த எழுத்துகளைப் பார்த்துக் குறத்தி அப்படியே குத்தினாளாம். குத்தியவளுக்கும் எழுத்துத் தெரியாது; குத்திக்கொண்டவருக்கும் தெரியாது. கணவர் பெயரை வாயால் சொல்லாத காலம் அது. வாய் சொல்லக்கூடாத பெயரைக் கை சுமந்தது.

கடல் கடந்த குறிகள்

நம் மலாயாவுக்கு வந்த பச்சை ஒருவகை அன்று. வரலாறு இங்கே இருவேறு குறிகளைக் கொண்டுவந்து இறக்கியது.

முதலாவது, அரசு இட்ட குறி. கிழக்கிந்தியக் கம்பெனியார் ஆட்சியில், வங்காளத்தில் 1797ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படியும், அதனையடுத்துச் சென்னை மாகாணத்திலும், ஆயுள் தண்டனை பெற்ற குற்றவாளிகளின் நெற்றியில் அவர்தம் குற்றத்தைப் பச்சை குத்தும் முறை இருந்தது. வடநாட்டார் அதனைக் கோத்னா என்றனர். இவ்வாறு தண்டிக்கப்பட்டோர் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய இடங்களுக்கு நாடுகடத்தப்பட்டனர். 1825ஆம் ஆண்டு ஏப்ரலில் பெங்கூலனிலிருந்து சிங்கப்பூரில் வந்திறங்கிய முதற்கூட்டத்தினர் சென்னை மாகாணக் கைதிகள் 80 பேர். சாலைகளையும் கால்வாய்களையும் வெட்டியவர்களும், 1862ஆம் ஆண்டில் திருநிலைப்படுத்தப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தைக் கட்டியெழுப்பியவர்களும் இந்தியக் கைதிகளே. நெற்றிப் பச்சை 1849ஆம் ஆண்டில் சட்டத்தால் நீக்கப்பட்டது. ஆனால், சட்டம் நீங்கியதே ஒழிய, முன்பு குத்திய எழுத்து நீங்கவில்லை. தண்டனைக் காலம் முடிந்து விடுதலை பெற்றவர்களும் தலைப்பாகையைத் தாழக் கட்டி நெற்றியை மறைத்தே வாழ வேண்டியிருந்தது.

இரண்டாவது, ஊர் இட்ட குறி. ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிமார் வழியாக ஆயிரக்கணக்கான தென்னாட்டு மக்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறினர். தொழிலாளரை உதவி கொடுத்து அனுப்பும் முறையை இந்திய அரசு 1938ஆம் ஆண்டில் தடைசெய்யும் வரை அவ்வருகை தொடர்ந்தது. அவர்கள் கொண்டுவந்த மூட்டைகள் சிறியவை. காதும் கையும் சுமந்துவந்த குறிகளே அவர்தம் சீமையின் முகவரி. தோட்டத்து இலயங்களில் தண்டட்டியைக் கண்டால் இராமநாதபுரம், மதுரைப் பக்கம் என்பர். பாம்படத்தைக் கண்டால் நெல்லைப் பக்கம் என்பர்.

என் அப்பத்தாவும் 1920களின் இறுதியில் அப்படி வந்தவரே. சப்பானியர் ஆட்சியில் தண்டட்டியை விற்று அரிசி வாங்கினார். 1943ஆம் ஆண்டில் சயாம் இரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தாத்தா திரும்பி வரவில்லை. 1948ஆம் ஆண்டில் அவசரகாலச் சட்டம் வந்தபோது மலாயாவில் 12 வயது நிரம்பியோர் அனைவர்க்கும் அடையாளக் கார்டு வழங்கினர். பதிவு செய்ய வந்த எழுத்தர் கணவர் பெயரைக் கேட்டார். அப்பத்தா பதில் சொல்லாமல் வலக்கையை நீட்டினாராம். எழுத்தர் அதைப் படித்து எழுதிக்கொண்டார். இதனை என் தந்தையார் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். சயாமில் புதைந்தவரின் பெயருக்கு அப்போது எங்கள் குடும்பத்தில் இருந்த ஒரே எழுத்துச் சான்று அந்தக் கைதான்.

வெட்கம் வந்த வழி

இத்தகைய குறிகளை அடுத்த தலைமுறை ஏன் வெறுத்தது? காரணம் ஒன்றன்று, மூன்று என்பேன்.

முதற்காரணம் பள்ளி. தென்தமிழ்நாட்டில் கிறித்தவப் பாதிரிமார் நடத்திய பெண்கள் பள்ளிகளிலேயே காது வளர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. படித்த பெண் என்றால் வளர்க்காத காது என்னும் எண்ணம் மெல்லப் பரவிற்று. ஆண்களிடத்தும் இதுவே நிகழ்ந்தது. குடுமியும் கடுக்கனும் பெரிய மனிதரின் அடையாளங்களாயிருந்தவை. கிராப்பு வந்தபோது குடுமி போயிற்று. காற்சட்டை வந்தபோது கடுக்கன் போயிற்று. தூர்ந்துபோன காதுத் துளையோடு அலுவலகம் சென்ற தந்தையர் தலைமுறை ஒன்றை நம்மில் பலர் கண்டிருக்கிறோம்.

இரண்டாம் காரணம் சீர்திருத்தம். பெரியார் ஈ.வெ.ரா. 1929ஆம் ஆண்டின் இறுதியில் மலாயா வந்தார். 1932ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 1935ஆம் ஆண்டில் கோ. சாரங்கபாணி தமிழ் முரசைத் தொடங்கினார். குடிப்பழக்கம், சாதிவேற்றுமை முதலியவற்றோடு, சமய விழாக்களில் உடலை வருத்திக்கொள்ளும் நேர்ச்சிகளையும் சீர்திருத்தவாதிகள் கண்டித்தனர். பிற இனத்தார் முன்னிலையில் தமிழன் கூலியாகவும் காட்டுமிராண்டியாகவும் தோன்றக்கூடாது என்பதே அவர்தம் கவலை. அக்கவலையில் உண்மை இருந்தது, அன்பும் இருந்தது. அவர்களால் நாம் பெற்ற நன்மை பெரிது. ஆயினும், பிறர் என்ன நினைப்பாரோ என்னும் அளவுகோலைக் கையில் எடுத்தபின், அது எங்கே நிற்க வேண்டும் என்பதை யாரும் வரையறுக்கவில்லை. கொடுமையை அளக்க எடுத்த கோல் கிழவியின் காதையும் அளந்தது.

மூன்றாம் காரணம் நகரம். தோட்டத்தில் எல்லாருக்கும் இயல்பாயிருந்த ஒன்று பட்டணத்தில் வேடிக்கையாயிற்று. இதற்கு நானே சாட்சி, குற்றவாளியும் நானே. 1965ஆம் ஆண்டில் நான் பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் முதல் ஆண்டு மாணவன். பரிசளிப்பு விழாவில் எனக்கு ஒரு பரிசு கிடைத்தது. பெற்றோர்க்கு அன்று பால்மரக் காட்டில் வேலை. அப்பத்தாதான் வருவதாக இருந்தார். வெள்ளைச் சேலையைத் துவைத்து மடித்து வைத்திருந்தார். முதல் நாள் மாலை நான் அவரிடம், "நீங்க வரவேண்டாம் அப்பத்தா. ஒங்க காதப் பாத்துப் பசங்க சிரிப்பானுக" என்றேன். அவர் கோபிக்கவில்லை. "சரி ராசா" என்று மட்டும் சொன்னார்.

நான் தனியே சென்று பரிசு வாங்கி வந்தேன். சில மாதங்கள் கழித்து, அத்தையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் சென்று, தொங்கிய மடல்களை அறுத்துத் தைத்துக்கொண்டார். அவரைப் போலவே காதை அறுத்துத் தைத்துக்கொண்ட மூதாட்டியர் அக்காலத்தில் பலர். பேரப்பிள்ளைகளுக்காக என்று அவர்கள் வெளியே சொன்னதில்லை. தழும்பேறிய சிறு காதுகளை அதன்பின்னும் சேலைத் தலைப்பால் மறைக்கும் பழக்கம் அப்பத்தாவை விட்டுப் போகவில்லை. 1973ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவர் சொன்னபடியே, பச்சையை யாரும் கழற்றவில்லை.

சரவாக் தரும் சான்று

இவ்வெட்கம் தமிழர்க்கு மட்டுமே நேர்ந்தது என்று எண்ணுதல் தவறு. நம் நாட்டின் மற்றொரு பகுதியான சரவாக்கில் இதே வரலாறு வேறு மக்களிடையே நிகழ்ந்துள்ளது.

காயான், கென்யா, கெலாபிட் ஆகிய உள்நாட்டு இனத்தார் நம்மைப் போலவே காதைத் துளைத்து, உலோகப் பாரங்களை மாட்டித் தோள்வரை வளர்த்தனர். காயான் பெண்கள் கைகளிலும் கால்களிலும் நுண்ணிய பச்சைக் கோலங்களைக் குத்திக்கொண்டனர். குத்துபவரும் பெண்களே. மறுமையின் இருளில் அப்பச்சையே தீவட்டியாக வழிகாட்டும் என்பது அவர்தம் நம்பிக்கை. நகை வாராது, பச்சையே கூட வரும் என்ற எங்கள் அப்பத்தாவின் சொல்லோடு இதனை ஒப்பிட்டால், ஒன்றையொன்று கண்டறியாத இரு பெண்ணினம் மரணத்தின் முன் ஒரே ஆறுதலைத் தேடியமை புலனாகும். இபான் இளைஞர் ஊரைவிட்டு முதற்பயணம் புறப்படும் பருவத்தில் இரு தோள்களிலும் கத்தரிப்பூ வடிவைக் குத்திக்கொண்டனர். சென்று வந்த இடங்களும் செய்த செயல்களும் பின்னர் ஒவ்வொரு குறியாகச் சேரும். அவர்க்கு உடம்பே வாழ்க்கைக் குறிப்பு.

பள்ளியும் கிறித்தவ சமயமும் பட்டணத்து வேலையும் அங்கும் புகுந்தன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப்பின் இளையோர் காது வளர்ப்பதை விட்டனர், பச்சையையும் விட்டனர். வளர்த்த காதை அறுத்துத் தைத்துக்கொண்ட முதியோர் அங்கும் உளர். ஆனால், அந்நூற்றாண்டின் இறுதியில் அங்கே ஒரு திருப்பம் ஏற்பட்டது. படித்த இபான் இளைஞர் சிலர் பாட்டனாரின் தோளில் கண்ட கத்தரிப்பூவைத் தம் தோளில் தேடிக் குத்திக்கொண்டனர். கூச்சிங்கில் அதற்கெனத் தொழிற்கூடங்கள் தோன்றின. பழைய குறியை மீட்டவர்கள் அதன் பெயரையும் பொருளையும் கேட்டறிந்து மீட்டனர் என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

பேரர் தலைமுறை

இனி நம் இளைஞரிடம் வருவோம். மின்னாற்றலால் இயங்கும் பச்சைக் கருவிக்கு நியூயார்க் நகரில் சாமுவேல் ஒரைலி 1891ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். நெடுங்காலம் மேல்நாட்டு மாலுமிகள், படைவீரர்கள், சிறையாளிகள் ஆகியோரின் அடையாளமாகக் கருதப்பட்ட அக்கலை, பின்னர்ப் பாடகர், விளையாட்டு வீரர், திரைப்பட நடிகர் வழியாக உலகெங்கும் பரவியது. குறத்தியை வாசலில் மறுத்த குடும்பத்தின் பேரன் அங்காடி வளாகத்துக் கடையில் பணம் கொடுத்துப் பச்சை குத்திக்கொள்கிறான். கடுக்கனைக் கழற்றிய பாட்டனாரின் பேரன் ஒற்றைக் காதில் மீண்டும் கடுக்கன் அணிகிறான். தந்தையர்க்கு இது பேரிடியாகத் தோன்றுகிறது. கொள்ளுப்பாட்டனார் கண்டிருப்பின் வியந்திருக்க மாட்டார்.

தந்தையரின் அச்சத்தை வீண் என்று தள்ளவும் இயலாது. நம் நாட்டில் குண்டர் கும்பல்கள் பச்சையை உறுப்பினர் முத்திரையாகக் கொண்டதுண்டு. 2013ஆம் ஆண்டு ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பெயர்களைச் சட்டத்துக்குப் புறம்பானவை என வெளியிட்டபோது, அவற்றுள் சிலவற்றில் நம் இளைஞர் மிகுதியாக இருந்தமை சமுதாயத்தையே தலைகுனிய வைத்தது. எண்ணொன்றைக் கையில் குத்திக்கொண்ட சிறுவன், தன்னையறியாமல் 1825ஆம் ஆண்டுக் கைதியின் நெற்றியைத் தானே தேடிப் பெற்றவனாகிறான். கட்சியும் பச்சையைப் பயன்படுத்தியதுண்டு: 1970களில் தமிழகத்தில் எம்.ஜி.ஆர். தம் தொண்டர்களைக் கட்சிச் சின்னத்தைக் கையில் குத்திக்கொள்ளக் கேட்டார். அதற்குக் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பும் எழுந்தது. இவற்றோடு உடல்நலக் கேடும் உண்டு. தூய்மை செய்யப்படாத ஊசியால் கல்லீரல் அழற்சி போன்ற கொடுநோய்கள் தொற்றும். சீரொளியால் பச்சையை நீக்கலாம் என்பர். அதற்குப் பலமுறை செல்ல வேண்டும், செலவும் மிகுதி, முற்றும் மறையும் என்ற உறுதியும் இல்லை.

இவ்வளவும் உண்மையாயினும், நம் பேச்சில் ஒரு முரண்பாடு உண்டு. குழந்தையைத் தாய்மாமன் மடியில் இருத்திக் காது குத்துகிறோம். அதனை யாரும் உறுப்புச் சிதைவு என்பதில்லை. பத்துமலையில் 1892ஆம் ஆண்டு முதல் கொண்டாடப்பட்டு வரும் தைப்பூசத்தில், நாவிலும் கன்னத்திலும் அலகு குத்தி முதுகில் கொக்கி மாட்டிக் காவடி எடுப்போர் உளர். சீர்திருத்த இயக்கம் கண்டித்தும் அது குறையவில்லை, படித்தோரும் எடுக்கின்றனர். 1965ஆம் ஆண்டில் தோன்றிய மலேசிய இந்து சங்கம் போன்ற அமைப்புகள் அதில் வரம்பு வேண்டும் என்று அறிவுறுத்தி வருகின்றன. அலகு நேர்ச்சி முடிந்ததும் நீங்குவது, பச்சை நீங்காதது என்னும் வேறுபாட்டை நான் மறுக்கவில்லை. ஆனால், கன்னத்தில் வேல் தரிக்கும் தந்தை, மகன் காதில் ஒரு சிறு வளையத்தைக் கண்டு வெகுள்வாராயின், அவர் வெகுள்வது துளையைக் கண்டன்று. தம்மைக் கேளாமல் துளைத்ததைக் கண்டே.

யார் இட்ட குறி?

இதுகாறும் கண்டவற்றிலிருந்து ஓர் உண்மையைத் தெளியலாம். குறி நல்லதா தீயதா என்பதை மையோ ஊசியோ முடிவு செய்வதில்லை. யார் இட்டது, யாருக்காக இட்டது என்பதே முடிவு செய்கிறது. நெற்றிப் பச்சை அரசு இட்டது. அது மனிதனைக் குற்றமாகச் சுருக்கியது. வளர்த்த காது ஊர் இட்டது. அது அழகையும் உறவையும் தந்தது, ஆனால் வலியைக் குழந்தையிடம் கேட்டுத் தரவில்லை. இன்றைய பச்சை தானே இட்டுக்கொள்வது. அதில் உரிமை உண்டு, ஆனால் உடன்நிற்க ஊர் இல்லை. பாட்டியின் குறியைப் புரிந்துகொள்ள ஒரு சீமையே இருந்தது. பேரனின் குறிக்கு அவனே உரை சொல்ல வேண்டியவனாகிறான். பொறுப்பு அவனுக்கே மிகுதி.

ஆகவே, மாணவர்க்கு ஒரு சொல். தோலில் எழுதும் எழுத்து நிலையானது. அதற்கு உலகம் காணும் பொருள் நிலையற்றது. ஒரே காதை அழகென்றும் சிதைவென்றும் கண்ட உலகம் இது. இன்று நீவிர் பெருமையாகக் கருதுவதை நாளை நும் மக்கள் எப்படிக் காண்பர் என்று நும்மால் கூறவியலாது. முதிர்ச்சி வருமுன் முடிவு செய்யாதீர். சீருடைப் பணிகள் பலவற்றில் பச்சை குத்தியவரைத் தயக்கத்தோடே நோக்குகின்றனர் என்பதையும் அறிந்து வைத்தல் நலம்.

ஆசிரியர்க்கும் ஒரு சொல். பச்சையைக் கண்டவுடன் முகம் சுளிக்குமுன், அது என்ன, ஏன் என்று ஒருமுறை கேளுங்கள். கும்பலின் எண்ணாயின் அவ்விளைஞனைக் காக்க அக்கேள்வியே முதற்படி; தாயின் பெயராயின் அக்கேள்வியே அவனுக்கு மரியாதை. காது வளர்த்த மூதாட்டியர் நம் நாட்டில் அருகிவிட்டனர். அவர்தம் ஒளிப்படங்கள் வீடுகளில் பெட்டிகளுக்குள் கிடக்கின்றன. அவற்றைக் கேட்டு வாங்கி, பெயரும் ஊரும் அணியின் பெயரும் எழுதி வைக்குமாறு மாணவரைத் தூண்டுங்கள். வகுப்பறையில் அதைவிடச் சிறந்த வரலாற்றுப் பாடம் இருக்கவியலாது.

அன்று அழைப்பிதழ் கொண்டுவந்த மாணவரிடம் நான் நெடுநேரம் கழித்தே அக்கேள்வியைக் கேட்டேன். தாயார் சிறுநீரக நோயால் மறைந்த ஆண்டில் குத்திக்கொண்டதாகச் சொன்னார். மணப்பெண் வீட்டார் காணாதிருக்க முழுக்கைச் சட்டை அணிவதாகவும் சொன்னார். "கையை நீட்டுப்பா, பார்க்கிறேன்" என்றேன். தயங்கி நீட்டினார். எழுத்துகள் திருத்தமாக, ஒற்றுப்புள்ளி உட்பட, பிழையின்றி இருந்தன. தமிழாசிரியன் என்ற முறையில் அதைச் சொன்னேன், அவர் சிரித்துவிட்டார்.

என் அப்பத்தாவிடம் நான் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. பரிசளிப்பு விழாவில் பெற்ற புத்தகம் இன்றும் என் அலமாரியில் இருக்கிறது. அதற்கு அருகில் அவருடைய படம் ஒன்றை வைத்திருக்கிறேன். அறுத்துத் தைப்பதற்கு முன் எடுத்த படம் அது. காதுகள் இரண்டும் முழுமையாகத் தெரிகின்றன.